கப்பலேறிப் படிக்கப் போன சிவோன்!



உங்கள் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? நடந்து போகிற தூரமா? சைக்கிளா? பஸ்ஸா? உங்களில் சிலர் விடுதியில் தங்கிப் படிப்பவர்களாகவும் இருப்பீர்கள். விடுதியில் சேர்ந்த முதல் நாள் இரவு போர்வைக்குள் அழுத கதையை எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை எப்போது வரும், அம்மாவைப் பார்க்க ஊருக்கு எப்போது போகலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இன்று நான் சொல்லப் போகும் பையனுக்கு அந்த வெள்ளிக்கிழமை 17 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது!

கதையல்ல, உண்மை. நடந்தது ஏறத்தாழ 1,150 ஆண்டுகளுக்கு முன்பு. அட்லஸ் இருந்தால் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசியப் படத்தில் சீனாவுக்குக் கிழக்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் தெரிகிறதா? அதுதான் கொரியா. இன்று வட கொரியா, தென் கொரியா என்று இரண்டு நாடுகள். அந்தக் காலத்தில் அதன் பெரும்பகுதியை சில்லா என்ற அரசு ஆண்டது. அதன் தலைநகரம் கியோங்ஜு. தென்கிழக்கு மூலையில் பாருங்கள், இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

அந்த ஊரில் 857ஆம் ஆண்டு பிறந்தவர் சோய் சிவோன். சோய் என்பது குடும்பப் பெயர். நாம் இனிஷியலை முன்னால் போடுவது போல கொரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் சொல்வார்கள். சிவோன் என்பதுதான் பையனின் பெயர். நம் ஊர்ப் பெயர் போலவே ஒலிக்கிறது, இல்லையா?

868ஆம் ஆண்டு சிவோனுக்கு 12 வயது. குழந்தை பிறந்த உடனேயே ஒரு வயது என்று எண்ணுவது அவர்கள் வழக்கம். ஆகவே நம் கணக்கில் 11தான். இன்றைக்கு ஆறாம் வகுப்புப் படிக்கும் வயது. அந்த வயதில் தன்னந்தனியாகச் சீனாவுக்குப் படிக்கக் கப்பலேறினான் சிவோன்.

அப்பா வைத்த கெடு

கப்பலேறும் பிள்ளையிடம் அப்பா என்ன சொல்வார்? "பத்திரமாகப் போய் வா, வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றுதானே? சிவோனின் அப்பா வேறு மாதிரி சொன்னார். பத்து ஆண்டுகளுக்குள் சீன அரசுத் தேர்வில் தேறாவிட்டால் என் மகன் என்று சொல்லிக்கொள்ளாதே, எனக்கு ஒரு மகன் இருந்தான் என்று நானும் சொல்ல மாட்டேன், போய்க் கவனமாகப் படி என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். சிவோனே பிற்காலத்தில் தம் நூலின் முன்னுரையில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு இந்த வார்த்தைகள் பிடிக்கவில்லை, பிள்ளைகளே. நான் ஆசிரியராக இருந்த காலத்தில், ரேங்க் கார்டைப் பார்த்துவிட்டு "நீ என் பிள்ளையே இல்லை" என்று என் கண்ணெதிரே சொன்ன அப்பாக்கள் உண்டு. அப்போது அந்தப் பிள்ளைகளின் முகம் போன போக்கை இன்னும் நான் மறக்கவில்லை. மதிப்பெண் குறைந்தால் பிள்ளை பிள்ளை இல்லாமல் போய்விடுமா?

ஆனால் சிவோனின் அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில்லா நாட்டில் ஒருவர் எந்தக் குடும்பத்தில் பிறந்தாரோ அதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. மேலே அரச குடும்பத்தார். அவர்களுக்குக் கீழே ஆறாம் தரம், ஐந்தாம் தரம், நான்காம் தரம் என்று படிகள். என்ன உடுத்தலாம் என்பதற்கும் பிறப்பைப் பார்த்துச் சட்டம். வீட்டு அறை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கும் சட்டம்! அவர்கள் அடிக்கணக்கில் அரச குடும்பத்தாருக்கு 24 அடி. ஆறாம் தரத்துக்கு 21 அடி. ஐந்தாம் தரத்துக்கு 18. நான்காம் தரத்துக்கு 15. கையில் எவ்வளவு காசு இருந்தாலும் அதற்கு மேல் கட்டக் கூடாது.

சிவோன் ஆறாம் தரக் குடும்பம். அரசுப் பதவிகளில் 17 படிகள் இருந்தன. ஆறாம் தரக் குடும்பத்தில் பிறந்தவர் எவ்வளவு பெரிய அறிவாளியானாலும் மேலிருந்து ஆறாவது படியோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேலே உள்ள ஐந்து படிகளும் அரச குடும்பத்தாருக்கு மட்டும்!

கடலுக்கு அப்பால் சீனாவில் அப்போது டாங் வம்சத்தின் ஆட்சி. அங்கே தேர்வு எழுதி அரசு அதிகாரி ஆகலாம். அயல்நாட்டு மாணவர்களுக்கென்றே ஒரு தேர்வும் இருந்தது. உள்ளூரில் அடைத்துக் கிடந்த கதவுக்கு மாற்றாக அப்பாவின் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வாசல் அதுதான்.

சரி, அதென்ன பத்து ஆண்டு? சில்லாவிலிருந்து சீனா போகும் மாணவர்களுக்கு வழக்கமான காலக்கெடு பத்து ஆண்டுகள். அரசு அனுப்பும் மாணவர்களுக்குப் புத்தகச் செலவைச் சில்லா அரசு கொடுக்கும். சாப்பாட்டையும் துணிமணியையும் சீன அரசு பார்த்துக்கொள்ளும். கெடு முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான். 840ஆம் ஆண்டில் காலம் கடந்தும் தங்கியிருந்தவர்கள் உட்பட 105 பேரைச் சீன அரசு மொத்தமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறது!

பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊர்

கொரியாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் இருப்பது மஞ்சள் கடல். மரக்கலத்தில், காற்றை நம்பிய பயணம். கரை சேர்ந்த பிறகும் படிப்பு நடக்கும் ஊர் பக்கத்தில் இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நிலவழியே மேற்கு நோக்கிப் போக வேண்டும். அந்த ஊரின் பெயர் சாங்கான். சீனாவின் அன்றைய தலைநகரம். இன்று சியான் என்று அட்லஸில் தேடுங்கள்.

அப்போது உலகத்திலேயே மிகப் பெரிய நகரங்களில் ஒன்று அது. ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டைப் போல நேர்நேரான தெருக்கள். நடுத் தெருவின் அகலம் மட்டும் ஏறத்தாழ 150 மீட்டர்! ஊர் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட பேட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பேட்டையைச் சுற்றியும் மண்சுவர். மாலையில் முரசு ஒலிக்கும். ஒலி அடங்குவதற்குள் அவரவர் பேட்டைக்குள் போய்விட வேண்டும். கதவைச் சாத்திவிடுவார்கள். அதன் பிறகு பெரிய தெருவில் நடமாடி அகப்பட்டால் 20 அடி!

கிழக்கே ஒரு சந்தை, மேற்கே ஒரு சந்தை. மேற்குச் சந்தையில் நடு ஆசியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த வணிகர்களைப் பார்க்கலாம். எள் தூவிச் சுட்ட ரொட்டி அந்த ஊரில் எல்லாரும் விரும்பிச் சாப்பிடும் பண்டம்.

கையில் எழுத்து உண்டு, வாயில் பேச்சில்லை!

முதல் சங்கடம் என்ன தெரியுமா? மொழி.

கொரியர்களுக்கு இன்று ஹங்குல் என்ற சொந்த எழுத்து இருக்கிறது. ஆனால் அது 1443இல்தான் உருவாக்கப்பட்டது. சிவோன் காலத்தில் அது இல்லை. படித்தவர்கள் சீன எழுத்தைத்தான் எழுதினார்கள். ஆகவே சீனப் புத்தகத்தைப் பார்த்தால் சிவோனுக்குப் பொருள் புரியும். ஆனால் அந்த எழுத்தை அவன் ஊரில் ஒலிப்பது ஒரு மாதிரி, சீனாவில் ஒலிப்பது வேறு மாதிரி. எழுதிக் காட்டினால் எல்லாருக்கும் விளங்கும். வாயைத் திறந்தால் யாருக்கும் விளங்காது!

சீன மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே சொல்லை எந்தச் சுருதியில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். இன்றைய சீன மொழியில் 'மா' என்பதைச் சமமாக இழுத்தால் அம்மா. குரலை இறக்கி ஏற்றினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுவது. அம்மாவைக் கூப்பிடப் போய்க் குதிரையைக் கூப்பிட்டுவிடும் ஆபத்து உண்டு!

வாக்கியத்தின் வரிசையும் வேறு. "நான் சோறு சாப்பிடுகிறேன்" என்கிறோம் நாம். வினைச்சொல் கடைசியில் வருகிறது. கொரிய மொழியிலும் இதே வரிசைதான். சீனத்திலோ "நான் சாப்பிடுகிறேன் சோறு" என்று வரும். ஆகவே சீன மொழியில் எழுதும்போது சிவோன் ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைகீழாகத் திருப்பி யோசிக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை சொல்லட்டுமா? இன்றைய கொரியக் குழந்தைகள் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கோடிட்ட இடத்தை நிரப்புக!

சில்லா மாணவர்கள் படித்த இடம் சாங்கானில் இருந்த குவோசிஜியன் என்னும் அரசுக் கல்விச்சாலை. 837ஆம் ஆண்டில் சில்லா நாட்டு மாணவர்கள் மட்டும் 216 பேர் சீனத் தலைநகரில் படித்ததாகக் குறிப்பு இருக்கிறது.

பெரிய புத்தகங்களை முழுவதும் மனப்பாடம் செய்ய வேண்டும். பத்து நாளைக்கு ஒரு நாள் விடுமுறை. அதற்கு முன்பு ஒரு தேர்வு. அந்தத் தேர்வு எப்படி இருக்கும் தெரியுமா? புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, மூன்று எழுத்துகளை மட்டும் தாள் ஒட்டி மறைத்துவிடுவார்கள். மறைந்திருப்பது எது என்று சொல்ல வேண்டும். அட, நம்முடைய "கோடிட்ட இடத்தை நிரப்புக"தான்!

அப்போது புத்தகங்கள் எல்லாம் பெரும்பாலும் கையால் எழுதப்பட்டவை. ஒருவர் பார்த்து எழுதும்போது ஓர் எழுத்தைத் தவறவிட்டால், அதைப் பார்த்து எழுதும் பத்துப் பேரும் தவறாகவே படிப்பார்கள். இதைத் தடுக்கச் சீன அரசு ஒரு வேலை செய்தது. முக்கியமான 12 நூல்களை, ஏறத்தாழ ஆறரை லட்சம் எழுத்துகளை, 114 பெரிய கற்பலகைகளில் இரண்டு பக்கமும் செதுக்கிக் கல்விச்சாலையில் நிறுத்தியது. 837இல் அந்த வேலை முடிந்தது. சிவோன் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கல் புத்தகத்துக்கு வயது 31. மாணவர்கள் தங்கள் பிரதியைக் கல்லோடு ஒப்பிட்டுப் பிழை திருத்திக்கொள்ளலாம்.

சிவோன் கப்பலேறிய அதே 868ஆம் ஆண்டில் சீனாவில் இன்னொன்றும் நடந்தது. மரக்கட்டையில் எழுத்தைச் செதுக்கி, மை தடவி, ஒரு புத்த நூலை அச்சடித்தார்கள். அதன் கடைசியில் தேதியையும் போட்டார்கள். தேதியோடு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அச்சுப் புத்தகம் அதுதான். வஜ்ர சூத்திரம் என்பது அதன் பெயர். இன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

விடுமுறைகளும் உண்டு. ஐந்தாம் மாதத்தில் வயல் வேலைக்காக விடுமுறை. ஒன்பதாம் மாதத்தில் குளிர்காலத் துணி எடுத்துவர விடுமுறை. வீடு தூரமாக இருந்தால் போய்வரக் கூடுதல் நாள்களும் கொடுப்பார்கள். சக மாணவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்தபோது, கடலுக்கு அப்பால் வீடு இருக்கும் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே நினைத்துப் பாருங்கள்.

நூறுக்கு ஆயிரம்

அந்த நாள்களைப் பற்றிச் சிவோன் பிற்காலத்தில் எழுதும்போது, மற்றவர்கள் நூறு முறை முயன்ற இடத்தில் தாம் ஆயிரம் முறை முயன்றதாகச் சொல்கிறார். பழைய காலத்தில் தூக்கம் வராமலிருக்க ஒருவர் தலைமுடியை உத்தரத்தில் கட்டிக்கொண்டு படித்தாராம். இன்னொருவர் ஊசியால் தொடையில் குத்திக்கொண்டு படித்தாராம். சீனாவில் வழங்கும் அந்தக் கதைகளையும் சிவோன் நினைவுகூர்கிறார்.

நீங்கள் இதையெல்லாம் செய்து பார்க்க வேண்டாம்! தூக்கம் வந்தால் தூங்குங்கள். அதிகாலையில் எழுந்து படியுங்கள். ஆனால் அந்த 'ஆயிரம்' இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அயல் மொழியில் படிக்கிற பையன், அது தாய்மொழியாக இருப்பவர்களுக்குச் சமமாக நிற்க வேண்டுமானால் கூடுதலாக உழைத்துத்தான் ஆக வேண்டும். சிவோன் அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை.

874ஆம் ஆண்டு தேர்வு முடிவு வந்தது. பட்டியலில் சிவோனின் பெயரும் இருந்தது! அயல்நாட்டு மாணவர்களின் பெயரைப் பட்டியலின் கடைசியில் சேர்ப்பது வழக்கம். கடைசியில் இருந்தால் என்ன? தேறிவிட்டார். அவர்கள் கணக்கில் வயது 18. அப்பா வைத்த கெடுவில் இன்னும் நான்கு ஆண்டுகள் மிச்சம்!

இனி நாமும் 'அவர்' என்றே சொல்வோம். அதிகாரி ஆகப் போகிறவர் அல்லவா?

சமாதியில் எழுதிய கவிதை

தேர்வில் தேறிய உடனே வேலை கிடைத்துவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் லுவோயாங் என்ற ஊர்ப் பக்கம் எழுத்தையே நம்பிக் காலம் தள்ளினார். 876இல் லிஷுய் என்ற சிறிய வட்டாரத்தில் ஓர் அரசுப் பதவி கிடைத்தது. இன்றைய நான்ஜிங் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது அந்த இடம். பெரிய பதவி அல்ல. ஆனால் படிக்கவும் எழுதவும் நேரம் கிடைத்தது.

அங்கே நடந்ததாக ஒரு கதை வழங்குகிறது. அந்த வட்டாரத்தில் இரண்டு சகோதரிகளின் சமாதி ஒன்று இருந்தது. தங்களுக்கு விருப்பமில்லாத மணத்துக்கு அப்பா வற்புறுத்தியதால் மனம் நொந்து இறந்துபோனவர்கள் என்று ஊரார் சொன்னார்கள். சிவோன் இரக்கப்பட்டு அந்தச் சமாதியில் ஒரு கவிதை எழுதினாராம். அன்று இரவு அந்தச் சகோதரிகளே அவர் முன் வந்து நன்றி சொல்லி, விடியும்வரை கவிதை பேசிவிட்டு மறைந்தார்களாம்! பேய்க் கதைதான். ஆனால் ஊராருக்கு அந்த இளம் அதிகாரியை எவ்வளவு பிடித்திருந்தால் இப்படி ஒரு கதை பிறந்திருக்கும்! அந்தச் சமாதி மேடு இன்றும் இருக்கிறது.

தேறியவர் எழுதினார், தேறாதவர் படித்தார்

அந்தச் சமயம் சீனாவில் பெரும் கலகம் மூண்டது. 875இல் தொடங்கிய அந்தக் கலகத்தின் தலைவர்களில் முக்கியமானவர் ஹுவாங் சாவ். உப்புக் கடத்தல் செய்தவர். அவரைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. அவரும் அரசுத் தேர்வு எழுதியவர்தான். ஒரு முறை அல்ல, பல முறை. தேறவில்லை.

881இன் தொடக்கத்தில் ஹுவாங் சாவின் படை சாங்கானைப் பிடித்துக்கொண்டது. சிவோன் படித்த ஊர்! பேரரசர் தப்பி ஓடினார்.

சிவோன் அப்போது யாங்சோ நகரத்தில் இருந்தார். யாங்சி ஆற்றுக்குப் பக்கத்தில், பெரிய கால்வாய்க் கரையில் உள்ள செழிப்பான வணிக நகரம் அது. அங்கிருந்த படைத்தளபதி காவ் பியானிடம் அவருக்கு எழுத்தர் வேலை. அறிக்கைகள், கடிதங்கள், ஆணைகள் எல்லாவற்றையும் அவர்தான் எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டு தளபதியின் பெயரால் ஹுவாங் சாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். அதைப் படித்தபோது ஹுவாங் சாவ் நடுங்கி இருக்கையிலிருந்து கீழே விழுந்துவிட்டார் என்று கொரியாவில் கதை சொல்வார்கள்.

விழுந்தாரோ இல்லையோ, கடிதம் நாடெங்கும் பேசப்பட்டது. அயல் மொழிக்காரர் ஒருவர், சீனர்களே வியக்கும்படி சீன மொழியில் எழுதினார். வாயைத் திறந்தால் யாருக்கும் விளங்காமல் நின்ற அந்த 11 வயதுப் பையன்தான் இவர்!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தால் போர் நின்றுவிடவில்லை. 884இல் ஹுவாங் சாவ் இறந்த பிறகுதான் அந்தக் கலகம் அடங்கியது. அதற்குள் சாங்கானின் பெரும்பகுதி எரிந்து பாழானது.

ஊருக்கு அனுப்பிய தேயிலை

யாங்சோவில் அவர் எழுதிய கடிதங்களில் என் மனத்தைத் தொட்டது அந்தப் புகழ் பெற்ற கடிதம் அல்ல. இன்னொரு சிறிய கடிதம். சம்பளத்தில் முன்பணம் கிடைத்ததற்காகத் தளபதிக்கு நன்றி சொல்லி எழுதியது.

முன்பணம் எதற்காம்? நெடுநாளாக ஊருக்குப் போகிறவர் யாரும் அகப்படவில்லை. வீட்டுக்குக் கடிதம் அனுப்ப வழியில்லை. இப்போது சில்லா நாட்டுக் கப்பல் ஒன்று கடல் கடந்து போகிறது. அதில் தேயிலையும் மருந்தும் வாங்கிக் கடிதத்தோடு வீட்டுக்கு அனுப்ப ஆசை. அவ்வளவுதான்!

தேறாவிட்டால் மகன் இல்லை என்று சொன்ன வீட்டுக்குத்தான் அந்த மகன் கடன்பட்டுத் தேயிலை வாங்கி அனுப்பினார். அந்த வார்த்தை அவர் மனத்தில் இருந்தது. ஆனால் வன்மமாக இல்லை.

884இல் தம்பி முறையுள்ள உறவினர் ஒருவர் வீட்டுக் கடிதத்தோடு அவரை அழைத்துப் போக வந்தார். இருவரும் கிளம்பினார்கள். குளிர்காலக் கடல் விடவில்லை. கரையிலேயே காத்திருந்து, வசந்தம் வந்த பிறகு கடல் கடந்தார்கள். 885இல் சிவோன் ஊர் வந்து சேர்ந்தார். போனபோது 11. வந்தபோது 28.

ஊர் என்ன செய்தது?

வந்தவுடன் மன்னர் மரியாதையோடு பதவி கொடுத்தார். 886இல் சிவோன் சீனாவில் தாம் எழுதியவற்றைத் தொகுத்து மன்னரிடம் கொடுத்தார். அதில் 20 பகுதிகள் கொண்ட ஒரு பெரிய நூல் இன்றும் இருக்கிறது. அதன் தலைப்பில் 'தூரிகையால் உழுதல்' என்ற பொருள் வருகிறது. எழுதிப் பிழைப்பதை உழவோடு ஒப்பிடுகிறார். புலவர்களை நம் தமிழில் சொல்லேர் உழவர் என்பார்களே, அது போலத்தான்!

ஆனால் அரண்மனையில் இருந்த பெரிய குடும்பத்தாருக்கு அவரைப் பொறுக்கவில்லை. ஆறாம் தரத்தில் பிறந்தவர் நமக்கு யோசனை சொல்வதா? தலைநகரை விட்டுத் தூரத்து ஊர்களுக்கு அதிகாரியாகப் போனார்.

நாட்டில் வரிக்கொடுமை, பஞ்சம், கலகம். சீனாவில் கலகம் ஒரு பேரரசை எப்படி ஆட்டி வைத்தது என்று கண்ணால் பார்த்தவர் அவர். 894இல் நாட்டைச் சீர்திருத்தப் பத்து யோசனைகளை எழுதி அரசி ஜின்சோங்கிடம் கொடுத்தார். அரசி பாராட்டிப் பதவி உயர்வு கொடுத்தார். எந்தப் படி தெரியுமா? மேலிருந்து ஆறாவது படி! அவர் பிறப்புக்கு அதுதான் எல்லை. யோசனைகளோ நிறைவேறவில்லை.

அயல்நாட்டில் அவர் பிறந்த தரத்தை யாரும் கேட்கவில்லை. எழுத்தைப் பார்த்தார்கள். சொந்த நாடு எழுத்தைப் பார்க்காமல் பிறப்பைப் பார்த்தது. நட்டம் யாருக்கு? 935இல் சில்லா அரசே இல்லாமல் போயிற்று.

சிவோன் பதவியை விட்டுவிட்டு மலைகளிலும் கடற்கரைகளிலும் சுற்றினார். கடைசியில் ஹேயின்சா என்ற புத்தக் கோயில் இருக்கும் மலையில் தங்கினார்.

இன்றும் நிற்பவை

தென் கொரியாவின் பூசான் நகரத்தில் ஹேவுண்டே என்ற புகழ் பெற்ற கடற்கரை இருக்கிறது. 'கடல் மேகம்' என்ற பொருளில் சிவோன் வைத்துக்கொண்ட புனைபெயரிலிருந்து வந்த பெயர் அது. ஹம்யாங் என்ற ஊரில் வெள்ளத்தைத் தடுக்க அவர் மரம் நட்டு உருவாக்கியதாகச் சொல்லப்படும் காடு இன்றும் பச்சைப் பசேலென்று நிற்கிறது. சீனாவின் யாங்சோ நகரத்தில் 2007இல் அவருக்கு ஒரு நினைவகம் திறந்தார்கள். சாங்கான் எரிந்தாலும் அந்த 114 கல் புத்தகங்கள் தப்பிவிட்டன. சியான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

மாணவச் செல்வங்களே, உங்களில் யாராவது நாளை படிப்புக்காக வெளியூரோ வெளிநாடோ போகலாம். மொழி புரியாது. சாப்பாடு பிடிக்காது. வீட்டு நினைவு வரும். அப்போது இந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா, அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை அவர்களிடமும் காட்டுங்கள். கெடு வையுங்கள், தவறில்லை. ஆனால் "நீ என் பிள்ளை இல்லை" என்று மட்டும் எந்தப் பிள்ளையிடமும் சொல்ல வேண்டாம். தேறினாலும் தேறாவிட்டாலும், ஊரிலிருந்து கடிதம் வராதா என்று காத்திருப்பது அந்தப் பிள்ளைதான்.

சிவோன் எழுதிய மாதிரி ஒரு சின்னத் தேர்வு!

கட்டுரையைப் பார்க்காமல் கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. சிவோன் கப்பலேறிய ஆண்டு ______.
2. கல்விச்சாலையில் நின்ற கற்பலகைகள் ______.
3. அப்பா வைத்த கெடு ______ ஆண்டுகள். சிவோன் தேர்வில் தேற எடுத்துக்கொண்டது ______ ஆண்டுகள்.
4. முன்பணம் வாங்கி வீட்டுக்கு அனுப்ப நினைத்தவை ______, ______.

விடை தெரியாவிட்டால் இன்னொரு முறை படியுங்கள். சிவோன் ஆயிரம் முறை படித்தார், நீங்கள் இரண்டு முறை படிக்கக் கூடாதா?